நழுவினால் எரியும் விளக்கு

கார் ஓட்டுவது என் தொழில். என் மனைவி பஸ்ஸில்தான் போவாள்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே பஸ் நிற்கும். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவள் கூடையோடு என்னைக் கடந்து போய் பஸ்ஸில் ஏறுவாள்.

"ஏண்ணே, அண்ணிக்கு வண்டி பிடிக்கலையா, டிரைவரைப் பிடிக்கலையா?" என்று பக்கத்து வண்டிக்காரர் கேட்பார்.

நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். போயிட்டு வரேன் என்று அர்த்தம். அந்தத் தலையாட்டலில் கோபம் இருக்காது. அதனால் எனக்கும் அவர் பேச்சு ஒட்டாது.

காரணம் பழைய வண்டி. எங்கள் ஒரே மகளைத் தொட்டியத்தில் கொடுத்திருக்கிறோம். வாழை போடுகிற குடும்பம். ஒரு மழைக்காலத்தில் அவளைப் பார்த்துவிட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த ரோட்டில் வாழைக்குலை ஏற்றின லாரிகள் ஓயாமல் போகும். வெட்டின காம்பிலிருந்து பால் ஒழுகும். சருகும் மட்டையும் விழும். அதன்மேல் தூறல் போட்டால் ரோடு சோப்புத் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாகப் போனது. ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தேன். வண்டி கேட்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கையகலம் தள்ளி வாய்க்கால். யாருக்கும் அடியில்லை. வண்டியில் கீறல்கூட இல்லை.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள். ஏறிப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போனபோது சோறு வடித்து வைத்திருந்தாள். சண்டை போடவில்லை. "வண்டில மட்டும் இனிமே கூப்பிடாதீங்க" என்றாள். நான் கூப்பிடவில்லை.

பிறகு மகள் உண்டானாள். சந்தோஷமான செய்திதான். அதோடு ஒரு சிக்கலும் வந்தது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவதுதான் எங்கள் வழக்கம். நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணை அந்த ரோட்டில் பஸ்ஸில் கொண்டுவர முடியாது. கார்தான். காரில் அம்மா ஏற மாட்டாள்.

மகள் போனில் கேலி பண்ணினாள். "என்னம்மா, நீ முன்னாடி பஸ்ல போவ, நாங்க பின்னாடியே உன்னைத் தொரத்திக்கிட்டு வரணுமா?"

இவள் சிரிக்கவில்லை. "நான் ஏற பயப்படுற வண்டில உன்னை எப்படிடி ஏத்துவேன்?" என்றாள்.

"அப்ப நான் இங்கயே பெத்துக்கறேன். அத்தை பாத்துப்பாங்க."

மகள் அதையும் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் கம்மிவிட்டது. இவள் போனை வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தாள். மகள் இங்கே வர வேண்டும். அதற்கு இவள் வண்டியில் ஏற வேண்டும். வீட்டில் அப்போது இருந்த ஒரே கவலை அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புது வண்டி எடுத்தேன். ஷோரூமில் ஒரு தம்பி நிறையச் சொன்னார். எனக்குப் பாதி புரியவில்லை. ஒன்றே ஒன்று காதில் நின்றது. "ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கு சார். வண்டி நழுவினா அதுவே பிடிச்சுக்கும்."

அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன்.

"யாரு பிடிச்சுப்பா?"

"வண்டியே."

"எங்க இருக்கு அது?"

பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றின பிறகு, வாசலில் நின்ற வண்டியில் அவளைச் சும்மா உட்கார வைத்தேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். கியருக்கு முன்னால் ஒரு பட்டன் இருக்கிறது. சின்னக் கார் படம், அதற்குக் கீழே இரண்டு வளைந்த கோடு. அதே படம் ஸ்டியரிங்குக்குப் பின்னாலும் விளக்காக எரியும். காட்டினேன்.

"என்னங்க இது, காருக்குக் கீழ ரெண்டு பாம்பு?"

"பாம்பு இல்ல. சக்கரம் வழுக்கின தடம்."

"வழுக்கறதைப் போயி யாராவது படம் போட்டு வைப்பாங்களா?"

சாவியைத் திருப்பினேன். புது வண்டியில் சாவி திருப்பினால் விளக்கெல்லாம் ஒரு தடவை எரியும். பிறகு ஒவ்வொன்றாகப் போய்விடும். அந்தக் கார் படமும் ஆரஞ்சாக எரிந்தது. போய்விட்டது.

"ஐயோ, மலையேறிடுச்சுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்ல மாட்டோம். மலையேறிவிட்டது என்போம். கிளம்புகிற நேரத்தில் விளக்கு மலையேறினால் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். மறுபடி ஏற்றி, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

இங்கேயும் அதைத்தான் செய்தாள். அந்தப் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. விடாமல் அழுத்திப் பிடித்தாள். விளக்கு எரிந்தது. அப்படியே நின்றது. அவள் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இப்ப எரியுது. எடுங்க."

அவள் "எடுங்க" என்று சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. நான் எடுத்தேன். தெருமுனை வரை போனோம். திரும்பி வந்தோம்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. காவேரிப் பாலம் தாண்டினாள். லால்குடியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். எடமலைப்பட்டிபுதூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்பினதும் விளக்கு மலையேறும். அவள் பட்டனைப் பிடித்து ஏற்றுவாள். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வழியெல்லாம் அந்த விளக்கு எரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பாள். மேலே பிடிக்கிற கைப்பிடியை முதலில் இரண்டு கையாலும் பிடித்தவள், பிறகு ஒரு கையால் பிடித்தாள். பிறகு அந்தக் கையும் மடிக்கு வந்தது. பாலத்தின்மேல் போகும்போது ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொன்னாள். நான் விளக்கை வாழ்த்தினேன். எரிந்தால் வேலை செய்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரர், "என்னண்ணே, அண்ணி கட்சி மாறிட்டாங்க?" என்றார். அன்றைக்கு மட்டும் நான் சிரித்தேன்.

வளைகாப்புக்கு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அந்த வாரமே ஒருநாள் அவளைத் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு, மதுரை ரோட்டில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் எனக்குத் தெரிந்தவர். ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஏண்ணே இதை அணைச்சு வச்சிருக்கீங்க?"

"எரியுதே."

"எரிஞ்சாத்தாண்ணே ஆஃப்."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார். எனக்குத் தூரம் நன்றாகத் தெரியும். கிட்டத்தில் பொடி எழுத்து தெரியாது. இப்போது தெரிந்தது. கார் படத்துக்குக் கீழே ஆஃப் என்று இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரிந்த இங்கிலீஷில் அதுவும் ஒன்று.

"அப்ப மலையேறினா?"

"எது?"

"அணைஞ்சா?"

"அணைஞ்சா முழிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வண்டி நழுவுறப்ப ஆஃப்ங்கிற எழுத்து இல்லாம படம் மட்டும் மினுக் மினுக்குன்னு எரியும். அப்பத்தான் வேலை பாக்குதுன்னு தெரியும். மத்த நேரம் சத்தமே காட்டாது."

எப்படி என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நடங்க" என்றார். நடந்தேன். பின்னாலிருந்து என் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். நான் தானாக வலது பக்கம் திரும்பினேன்.

"அவ்வளவுதான்" என்றார். "ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பாக்க ஒண்ணு இருக்கு. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சீங்கன்னு பாக்க ஒண்ணு. வண்டி நெசமா எவ்வளவு திரும்புதுன்னு பாக்க நடுவுல ஒண்ணு. எல்லாம் ஒரு பெட்டிக்குப் போவுது. உங்க கை ஒரு பக்கம் சொல்லி, வண்டி வேற பக்கம் போனா, அது ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். எந்தச் சக்கரத்தைப் பிடிச்சா வண்டி உங்க கைக்கு வருமோ அதை. இன்ஜினையும் கொஞ்சம் அடக்கும். நீங்களும் நானும் மிதிச்சா நாலுக்கும் சேத்துத்தாண்ணே விழும். ஒண்ணை மட்டும் பிடிக்க நம்ம காலால ஆகாது."

பழைய வண்டி சுற்றினது ஞாபகம் வந்தது. அன்றைக்கு என் கை ஒன்று சொன்னது. வண்டி வேறு பக்கம் போனது. நடுவில் யாரும் இல்லை.

"ஆனா ஒண்ணு. ஓவர் வேகத்துல போயி, டயர் ரோட்டையே பிடிக்கலேன்னா அதுவும் ஒண்ணும் பண்ண முடியாது. அது டயரை வச்சுத்தான் வேலை பாக்குது."

நான் என் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சொல்லாதீங்கண்ணே. பட்டன் ஒயரைக் கழட்டி விட்டுடட்டா?"

"விளக்கு எரியலேன்னா ஏற மாட்டா."

"அப்ப எரிய விட்டுட்டு மெதுவாப் போங்க."

பின் சீட்டில் மகள் இருப்பாள். அதே ரோடு. மழை வேறு. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய் அவளை ஏற்றினேன். பட்டனைப் பிடித்தாள். விளக்கு எரிந்தது. விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தங்கச்சி நாலு டஜன் வளையல் போதுமான்னு கேக்கறா" என்று ஆரம்பித்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். நான் தளும்பத் தளும்ப எண்ணெய் ஏற்றிப் போகிறவன் மாதிரி ஓட்டினேன். அவளுடைய தைரியம் முழுக்க அந்த விளக்கில் இருந்தது. அதை எடுத்துவிட்டால் அவள் இறங்கிவிடுவாள். எடுக்காவிட்டால் மகளுக்குப் பாதுகாப்பு இல்லை. பாலம் தாண்டும்வரை வாயைத் திறந்து திறந்து மூடினேன். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சொன்னேன். எனக்கு விஷயத்தைச் சுற்றிச் சொல்ல வராது. கொல்லைப் பைப்பில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் போய் வலது தோளைப் பிடித்தேன். குடத்தோடு திரும்பிவிட்டாள். தண்ணீர் என் காலில் சிந்தியது.

"என்னங்க இது, பேரன் பொறக்கப்போற நேரத்துல?"

"அது இல்ல. வண்டி இப்படித்தான் திரும்புது."

"எந்த வண்டி?"

சொன்னேன். கை, சக்கரம், பெட்டி, பிரேக் எல்லாம் சொன்னேன். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். அவள் அப்பா ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். தேரில் ஸ்டியரிங் கிடையாது. தெருமுனையில் திருப்ப வேண்டுமென்றால் ஒரு பக்கத்துச் சக்கரத்தில் கட்டையைச் செருகுவார்கள். அந்தச் சக்கரம் தயங்கும். மற்றப் பக்கம் முன்னால் போகும். தேர் திரும்பும்.

"எங்க அப்பா போட்ட கட்டை மாதிரியா?" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. "ஆமா. அதேதான்."

"இதை இப்பதான் உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

மிச்சத்தையும் சொன்னேன். எரிந்தால் ஆஃப் என்று சொன்னேன். மலையேறினால்தான் விழித்திருக்கிறது என்று சொன்னேன்.

அவள் பைப்பைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினாள்.

"அப்ப நான் இத்தனை நாளா கட்டை போடுறவரைப் போயித் தூங்குங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

நான் காலில் சிந்தின தண்ணீரைத் துடைத்தேன்.

"லால்குடி போனது?"

"அது இல்லாமத்தான்."

"தங்கச்சி வீட்டுக்குப் போனது, பாலத்துல அவ்வளவு லாரிக்கு நடுவுல வந்தது?"

"எல்லாம் அது இல்லாமத்தான்."

"அப்ப யாருதான் பிடிச்சுக்கிட்டு வந்தா?"

அவள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதியம் வளையல் வாங்க டவுனுக்குக் கிளம்பினாள். ஸ்டாண்டுக்கு எதிரே வந்து நின்றாள். பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலிலிருந்து தலையாட்டினாள். பக்கத்து வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ வாங்கப் போனார். தொலைந்தது என்று நினைத்தேன். மகள் அங்கேதான் பெற்றுக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தினேன். வருவாளா என்று கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவாளோ என்று இருந்தது. அவள் தட்டுகளைக் கொண்டுவந்து பின் சீட்டில் அடுக்கினாள். பூ, பழம், வளையல் பெட்டி, கட்டுச்சோற்றுத் தூக்கு. தூக்கு சாயாமல் துண்டைச் சுருட்டி அண்டக்கொடுத்தாள். வீட்டைப் பூட்டினாள். முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பினேன். விளக்கெல்லாம் எரிந்தது. ஒவ்வொன்றாகப் போனது. கார் படமும் போனது. அவள் கை பட்டன் பக்கம் போனது. பாதியில் நின்றது. மடிக்குத் திரும்பியது.

"மலையேறிடுச்சு" என்றாள். "எடுங்க."

டோல்கேட் தாண்டின பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது இல்லாமலே கொண்டுவந்து சேத்தீங்கல்ல. அதுவும் இருந்தா என்ன ஆயிடப்போவுது."

நான் கண்ணாடியைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மகள் இரண்டு கை நிறைய வளையலோடு, சந்தனம் பூசின கன்னத்தோடு வந்தாள். இவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏற்றினாள். முதுகுக்குத் தலையணை வைத்தாள். தானும் பின்னால் உட்காருவாள் என்று நினைத்தேன். முன்னால் வந்தாள்.

"பின்னாடி உக்காரலையாம்மா?" என்றாள் மகள்.

"எனக்கு ரோடு தெரியணும்."

முசிறி தாண்டும்போது தூறல் பிடித்தது. மெதுவாகத்தான் போனேன். மகள் தூங்கிவிட்டாள். அந்த வளைவு வந்தது. இவளுக்கும் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரோடு முழுக்க வாழைச் சருகு நசுங்கிக் கிடந்தது. வளைவின் நடுவில், தோப்பிலிருந்து ஒருவர் சைக்கிளில் வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு நேராக ரோட்டுக்குள் வந்தார். பிரேக்கைத் தொட்டு ஒடித்தேன். பின்பக்கம் அசைந்தது. அன்றைக்குப் போன அதே மாதிரி தனியாகப் போகப் பார்த்தது.

எங்கேயோ கீழே கடகடவென்று ஒரு சத்தம். வண்டியை யாரோ ஒரு பக்கமாகப் பிடித்த மாதிரி இருந்தது. என் கை சொன்ன பக்கத்துக்கு வண்டி வந்துவிட்டது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆரஞ்சு விளக்கு மினுக் மினுக் என்று எரிந்து, மலையேறியது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"கட்டை விழுந்துச்சு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

பின்னால் வளையல் குலுங்கியது. "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அப்பா சைக்கிளுக்கு வழி விட்டாரு. நீ தூங்கு."

மகள் திரும்பிப் படுத்தாள். இவள் கை, கியர்மேல் இருந்த என் கைமேல் வந்து இருந்தது. கியர் மாற்ற வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் மாற்றாமலே போனேன்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து மகளை உள்ளே அழைத்துப்போனாள். தட்டுகளை நான் இறக்கினேன். அவள் ஆரத்தித் தட்டோடு மறுபடி வெளியே வந்தாள். சக்கரத்தருகே குனிந்து பார்த்தாள்.

"எந்தச் சக்கரத்தைப் பிடிச்சுது?"

"தெரியல."

"உங்களுக்கே தெரியாதா?"

"அதுக்குத்தான் தெரியும்."

அவள் வண்டியைச் சுற்றி வந்து நாலு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தாள். மழையில் கரைந்துவிடும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. தட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பட்டனுக்கு வைப்பாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

"அதுக்கு எதுக்கு?" என்றாள். மிச்சத்தை விரலில் தொட்டு என் நெற்றியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.